எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் கார்

என் மனைவி பஸ் ஓட்டுகிறவள். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் மீசையைப் பார்ப்பார்கள். பிறகு, அதனால் என்ன, நல்ல வேலைதானே என்று எனக்கு ஆறுதல் சொல்வார்கள். நான் ஆறுதல் கேட்டதே இல்லை. என் வேலைக்கு வேண்டுமானால் யாராவது ஆறுதல் சொல்லலாம். நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். முன்பின் தெரியாதவர்களிடம் "கொஞ்சம் படுத்துப் பாருங்க சார்" என்று கெஞ்சுவதுதான் என் தொழில்.

அவள் பிறந்து வளர்ந்தது வெளிநாட்டில். உறவுக்காரக் கல்யாணத்துக்காக எங்கள் ஊருக்கு வந்தவள், அத்தைக்குத் துணையாகக் கடைக்குள் நுழைந்தாள். படுத்துப் பாருங்க என்றேன். படுத்தாள், தூங்கிப்போனாள். விமானக் களைப்பு. அத்தை பக்கத்துக் கடைகளையெல்லாம் அலசிவிட்டுத் திரும்பும்வரை, முதலாளி முறைக்க முறைக்க, நான் அந்த மெத்தைக்குக் காவல் நின்றேன். மெத்தை விற்கவில்லை. ஆனால் எனக்குக் கல்யாணம் ஆனது.

ஆனபிறகுதான் சிக்கல். விடுப்பு முடிந்ததும் அவள் தன் பஸ்ஸுக்குத் திரும்பிப் போனாள். நான் என் மெத்தைகளோடு இருந்தேன். யார் யாரிடம் வந்து சேர்வது என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. போனில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் "பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுவோம். பத்து மாதம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கடைசியில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரே நோக்கம்: அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடுவது. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வாங்குங்கள் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. வாடிக்கையாளரைப் படுக்கவிட்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டு, நாலடி தள்ளி நின்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். எழுந்திருக்க மனம் வராமல் அவர்களே விலை கேட்பார்கள். அவளிடமும் அப்படித்தான் நடந்துகொள்வது என்று முடிவு. நம் வீட்டு பால்கனியில் காற்று எப்படி வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது.

விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றிருந்தாள். நான் கண்கலங்கினேன், குளிர்காற்று என்று சமாளித்தேன். ஒரு வாரம் விடுப்பு எடுத்திருப்பதாகவும், தன் பக்கத்தையெல்லாம் எனக்குச் சுற்றிக் காட்டப்போவதாகவும் சொன்னாள். அருவி, படகு, கைகோத்துப் படம் என்று எனக்குள் ஒரு பட்டியல் ஓடியது.

மறுநாள் காலை அவளுடைய பழைய காரில் புறப்பட்டோம். நகர எல்லையைத் தாண்டியதும் ஒரு தகரக் கூரைக்கு முன்னால் காரை நிறுத்தினாள். நான் இறங்கி நாலாபக்கமும் பார்த்தேன். ஒரு புளியங்கொட்டை அளவுக்குக்கூட அழகு இல்லை.

"இங்க என்ன விசேஷம்?"

"விசேஷமா? ஸ்டாப்."

அவள் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தாள். இல்லாத ஒரு பொத்தானை இடது கை தேடியது. கதவு மூடும் பொத்தானாம். பிறகு கிளம்பினாள். அடுத்த தகரக் கூரையிலும் நின்றாள். அதற்கடுத்ததிலும். என் மனைவிக்குத் தெரிந்த ஊர் என்பது அவள் பன்னிரண்டு வருடமாக ஓட்டும் தடம்தான்: நகரத்திலிருந்து மலையேறி அணைக்கட்டு வரை, அங்கே ஒரு திருப்பம், மறுபடி நகரம். கை ஸ்டீயரிங்கில் பட்டதும் காலுக்கு எல்லா நிறுத்தமும் ஞாபகம் வந்துவிடுகிறது. நானாக இருந்தால் ஊர் சுற்றப் போகும் இடமெல்லாம் மனைவியைப் படுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

நாலாவது நிறுத்தத்தில் உண்மையாகவே ஆள் நின்றது. முட்டைத் தட்டுகளோடு ஒரு அம்மா. பின்கதவைத் திறந்து, தன் வீட்டுக்குள் நுழைவதுபோல ஏறி உட்கார்ந்தாள். அடுத்ததில் மர மில் காவலாளி. அடுத்ததில், காலில் மாவுக்கட்டோடு ஒரு நர்ஸ். மாவுக்கட்டுக்கு முன்சீட்டுதான் வசதி என்பதால் நான் பின்சீட்டின் நடுவே பதவியிறக்கப்பட்டேன். வலது மடியில் முட்டை, இடது தோளில் காவலாளியின் தூக்கம். தேனிலவு இப்படித்தான் தொடங்கியது.

அவர்கள் பேசிய மொழி எனக்குத் தெரியாது. நன்றி என்ற ஒரு சொல்லை மட்டும் விமானத்தில் கற்றிருந்தேன். முட்டைக்காரம்மா என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்து நெடுநேரம் பேசினாள். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"சாயங்காலம் மழை வருமாம்."

மழைக்கு இவ்வளவு அழுகையா என்று வியந்தேன். விவசாயம் செய்கிறவர்கள், இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இறங்கும்போது ஒரு தட்டு முட்டையை நீட்டினாள். புது மாப்பிள்ளைக்கு மரியாதை! எழ முடியாவிட்டாலும் பாதி எழுந்து, நெஞ்சில் கை வைத்து, என் ஒரே சொல்லைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு கனிவாக இல்லை. முட்டையும் என் கைக்கு வரவில்லை. என்னைத் தாண்டி என் மனைவியிடம் போனது. கூச்ச சுபாவம் போல.

அந்த வாரம் முழுக்க அதே கதைதான். தினமும் மலையேறினோம், தினமும் ஆள் ஏறியது, தினமும் பரிசு. காவலாளி தன் கையால் இழைத்த நாற்காலி ஒன்றைக் காரின் கூரையில் கட்டினார். யாரோ ஒரு பூசணிக்காயைத் தந்தார்கள். நான் இழுக்க, கொடுத்தவர் விடாமல் பிடித்திருக்க, பூசணிக்காய் இருவருக்கும் நடுவே சிறிது நேரம் யோசித்தது. ஒரு மாப்பிள்ளைக்கு இவ்வளவு செய்யும் சனத்தை எங்கே பார்க்க முடியும்? மூன்றாம் நாள் அணைக்கட்டுத் திருப்பத்தில், கூடியிருந்தவர்களுக்குத் தமிழில் ஒரு நன்றியுரையே ஆற்றினேன். மொழிபெயர்க்கச் சொன்னேன். என் மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அந்த வாரம்போல இன்னொன்று இல்லை. திரும்பி வரும்போது காரில் நாங்கள் இருவர் மட்டும். ஒருநாள், ஆடு ஒன்று வீட்டுக் கூரைமேல் ஏறி நிற்கிறது என்றேன். எந்த வீடு என்றாள். நீலக் கூரை, வளைவுக்கு இடப்பக்கம். அப்படி ஒரு வீடே கிடையாது என்று சாதித்தாள். அப்போதுதான் புரிந்தது: மலை வளைவுகளில் அவள் கண் சாலையை விட்டு விலகியதே இல்லை. காரை ஓரம்கட்டி இறங்க வைத்தேன். நீலக் கூரை, மேலே ஆடு, அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சள் வெயில். என் தோளில் சாய்ந்து, தன் ஊரை முதல்தடவை பார்ப்பவள்போல நின்றாள்.

"இத்தனை வருஷமா இதையா விட்டேன்?" என்றாள்.

பால்கனிக் காற்றைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆனால் நான் நாலடி தள்ளி நின்று ஆட்டைப் பார்த்தேன்.

விடுப்பில் கடைசிக்கு முந்தைய நாள் மாமனாரும் வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; யாரையும் வெளுத்து வாங்கும் வழக்கத்திலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. அணைக்கட்டைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்று பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல நர்ஸ் முன்னால். முட்டைக்காரம்மா ஏறினாள். தோளைப் பிடித்தாள், அழுதாள், பேசினாள்.

நான் கேட்காமலே மனைவி சொன்னாள், "மழை வரும்கிறாங்க."

"என்னம்மா மழை?" மாமனார் அதிர்ந்தார். "மாப்பிள்ள, அந்தம்மா சொல்றது என்ன தெரியுமா? உன் புருஷன் பார்க்க அப்பாவியாத்தான் இருக்கான், ஆனா அவன் ஊர்ல உனக்கு யாரைத் தெரியும்? ஒண்ணாந்தேதிலருந்து நாங்க எவன் பஸ்ல ஏறுவோம்? அதைத்தான் கேட்டு அழுவுறா. இவதான் வேலைய விட்டுட்டாளே. உங்களுக்குத் தெரியாதா?"

நிறுத்தம் இல்லாத இடத்தில் அந்தக் கார் நின்றது அப்போதுதான்.

முட்டை, நாற்காலி, பூசணிக்காய் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. அத்தனையும் அவளுக்குப் பிரிவுப் பரிசு. நான் அவற்றைப் பிடுங்கியிருக்கிறேன். நெஞ்சில் கை வைத்திருக்கிறேன். தங்கள் டிரைவரைத் தூக்கிக்கொண்டு போக வந்த கள்ளன் நான், அவளைத் தூக்கிக் கொடுப்பதற்காக அவர்களுக்கே நன்றியுரை ஆற்றியிருக்கிறேன். பூசணிக்காயை என் தலையில் போடாமல் விட்டார்களே, எவ்வளவு நல்ல சனம்!

இருவரும் இறங்கிச் சாலையோர வேலிக்கருகே போனோம். காருக்குள்ளிருந்து மூன்று முகங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஏன் சொல்லல?" என்றேன்.

அவள் வேலிக் கம்பியை நிமிண்டிக்கொண்டே பேசினாள். "நீ கேக்கத்தான் வர்றேன்னு தெரியும். நீ கேட்டு, நான் யோசிச்சா, நான் யோசிச்சதை நீ ஆயுசுக்கும் மறக்க மாட்டே. அதான் நீ கேக்குறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டேன். இந்த ஒரு வாரம் உன்கூட இதையெல்லாம் பார்த்துட்டா போதும்னு இருந்துச்சு."

கேட்காமலே விற்றுவிட்டது. நாலடி தள்ளி நிற்கும் வித்தைக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் கடையில் சில நேரம் ஒரு ஆள் வருவார். தன் முதுகுக்கு ஒத்துவராத மெத்தையை, வீட்டில் இன்னொருவருக்குப் பிடிக்கும் என்பதற்காக வாங்கிப் போவார். பில் போடும்போதே தெரியும், இவருக்கு இனித் தூக்கம் இல்லை என்று. என் மனைவியை எங்கள் வீட்டு பால்கனியில் மனசுக்குள் உட்காரவைத்துப் பார்த்தேன். அவள் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

"கொடுத்ததைத் திரும்ப வாங்கு," என்றேன்.

"வாங்கிட்டு? நீ அங்க, நான் இங்க, போன்ல பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்னு..."

"நான் இங்க வந்துடறேன்."

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்ற பயம் அதே நொடியில் வந்தது. அம்மா அக்காவோடு இருக்கிறாள் என்பது ஒரு தைரியம். அக்காவிடமும் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு பயம்.

"இங்க வந்து என்ன பண்ணுவே? நன்றிக்கு மேல ஒரு வார்த்தை தெரியாது உனக்கு."

"ஏன், இந்த ஊர்ல யாரும் தூங்குறதில்லையா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். குளிர்காற்று என்று நான் அவளுக்காகச் சமாளித்தேன்.

அடுத்த மாத வேலை அட்டவணையை அன்று மாலைக்குள் டிப்போவில் ஒட்டிவிடுவார்கள் என்றாள். காரைத் திருப்பினோம். மாமனார் செய்தியைச் சொன்னதும் முட்டைக்காரம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள், வலித்தது. யாரும் அவரவர் இடத்தில் இறங்க ஒப்பவில்லை. மாவுக்கட்டு, முட்டை, மாமனார், நான் என்று எல்லோரும் டிப்போ மேலாளரின் அறைக்குள் நுழைந்தோம். அவர் ஒரு சின்ன மேஜைக்குப் பின்னால், கழுத்தில் துண்டு சுற்றி, சளியோடு உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி பேசினாள். அவர் தும்மினார். பிறகு மெதுவாக எதையோ சொன்னார். மாமனார் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்: வேலையைத் திரும்பத் தருவதில் சிக்கல் இல்லை, ஆனால் மலைத்தடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த ஆளுக்கு அணைக்கட்டுப் பக்கம்தான் வீடு, கைக்குழந்தை வேறு. மிச்சமிருப்பது துறைமுகத் தடம் ஒன்றுதான்.

முட்டைக்காரம்மா மேஜையைத் தட்டினாள். மாமனார் வெளுக்கத் தொடங்கினார். மேலாளர் கைக்குட்டைக்குள் ஒளிந்துகொண்டார். இந்தச் சத்தத்துக்கு நடுவே என் மனைவி என் பக்கம் திரும்பினாள். துறைமுகப் பக்கம் அவள் போனதே இல்லை. அங்கே அவளை ஒருவருக்கும் தெரியாது.

"என்ன செய்யட்டும்?" என்றாள்.

பத்து மாதத்தில் அவள் என் முடிவை நேரடியாகக் கேட்டது அதுதான் முதல் முறை. நாலடி தள்ளிப் போகலாமா என்று கால் பழக்கத்தில் நினைத்தது. போகவில்லை.

"உனக்கு ஓட்டணுமா?"

"ஓட்டணும்."

"அப்ப வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டாள். முட்டைக்காரம்மா மூக்கைச் சிந்தினாள். துறைமுகத்திலும் ஜனங்கள் முட்டை சாப்பிடுவார்கள்தானே, வாரம் ஒருநாள் அந்தப் பக்கம் வருகிறேன் என்றாளாம்.

மறுநாள் காலை துறைமுகத் தடத்தைப் பார்த்துவரக் கிளம்பினோம். பின்சீட்டில் யாரும் இல்லை. நான் முன்சீட்டுக்கு மறுபடி பதவி உயர்வு பெற்றிருந்தேன். கிடங்குகள், சரக்குப் பெட்டிகள், எண்ணெய் வாடை. வலதா இடதா என்று கேட்டாள்; வலது என்று முழு நம்பிக்கையோடு சொன்னேன். சாலை ஒரு மூடிய இரும்புக் கதவுக்கு முன்னால் முடிந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு நாய் எங்களை அலட்சியமாகப் பார்த்தது.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். பன்னிரண்டு வருடத்தில் வழி தவறியதே இல்லையாம். அதற்கு ஒரு ஆள் வந்து சேர வேண்டியிருந்தது என்றாள்.

"இப்ப எங்க இருக்கோம்?"

"தெரியாது," என்றேன். "இறங்கிப் பார்க்கலாமா?"

இறங்கினோம்.