முன்வரிசைக்காரன்

பால் வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்த றொபினுக்கு வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஒஸ்லோவின் அம்மருட் அவன் பதினொரு வயதிலிருந்து வளர்ந்த இடம். எதிரே நின்ற உயரக் கட்டடங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. ஒக்டோபர் மாதத்து மூட்டம் அவற்றின் உச்சிகளை மட்டும் மறைத்திருந்தது. அவற்றில் ஏதோ ஒன்றின் ஒன்பதாம் மாடியில் அம்மா தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டுப் பாலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. அவள் முகம் தெரிந்தது. சமையலறை யன்னல் சீலையின் பூக்கள்கூடத் தெரிந்தன. எந்தக் கட்டடம் என்பதுதான் வரவில்லை. பக்கத்து வாங்கில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கழற்றி ஆறுதலாகத் திரும்பக் கட்டினான். நாயோடு வந்த ஒரு பெண் அவனுடைய அகன்ற தோள்களையும் நசிந்து தடித்துப்போன காதுகளையும் பார்த்துவிட்டு நாயை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டாவது சப்பாத்தைக் கட்டும்போது, போனது எப்படியோ அப்படியே வழி திரும்பி வந்தது.

“என்ன மகன் இவ்வளவு நேரம்?” என்றாள் அருள்ராணி.

“கடையிலை சனம், அம்மா.”

இந்தப் பொய் அவனுக்குப் பழகத் தொடங்கியிருந்தது.

தகப்பன் வின்சென்ற் அவனைப் பதினேழு வயதில் வட இங்கிலாந்துக்கு அனுப்பியது படிப்பதற்காக. அங்கே, சுரங்கங்கள் மூடிக் கிடந்த ஒரு சிறிய நகரத்தில், அருள்ராணியின் தம்பி யேசுரட்ணம் இருந்தார். பையன் என்ஜினியராக வருவான் என்பது கணக்கு. ஆனால் அந்த நகரத்தில் கோயிலுக்கு அடுத்தபடியாகச் சனம் கூடிய இடம் றக்பி லீக் மைதானம். வயதுக்கு மீறிய உடம்போடு வேலியோரம் நின்று பார்த்தவனை ஒருநாள் ஆள் குறைகிறதென்று உள்ளே கூப்பிட்டார்கள். இருபது வயதில் கழகம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. செய்தி தொலைபேசியில் வந்தபோது வின்சென்ற் தொலைபேசியை அருள்ராணியின் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு சில வருடங்கள் தகப்பனும் மகனும் அருள்ராணியைக் கொண்டுதான் சுகம் விசாரித்தார்கள்.

அந்த ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துக் கைதட்டு வாங்குகிறவர்கள் பின்னால் நிற்பார்கள். முன்வரிசையில் நிற்கிறவனுக்கு அந்த வேலை இல்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே நிற்கும் மூன்று பேருக்குள் அவன் நேராகப் போய் மோத வேண்டும். விழ வேண்டும். எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மூச்சு வருமுன்னரே வரிசைக்குத் திரும்ப வேண்டும். பந்து மற்ற அணியிடம் போனால் இவன்தான் சுவர். அவன் இப்படி உடைத்துக் கொடுக்கும் சில மீற்றர்களில்தான் பின்னால் இருக்கிறவன் பறப்பான். அடுத்தநாள் பத்திரிகையில் பறந்தவனின் படம் வரும். றொபின் அதைக் குறையாக நினைத்ததில்லை. இரண்டு பருவங்கள் முதலாம் பிரிவில் ஆடினான். பிறகு இரண்டாம் பிரிவு, பிறகு அதற்கும் கீழே. விரல்கள் ஒவ்வொன்றாகக் கோணின. இடது தோளை இரண்டு முறை வெட்டித் தைத்தார்கள். கலியாணம் ஒன்று பேச்சளவில் வந்து, பெண் வீட்டார் அவன் முகத்தைப் பார்த்த பிறகு பேச்சளவிலேயே நின்றது. இந்த 2007ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் கழகம் கைகொடுத்து, அவன் ஆடிய ஆட்டங்களின் சில துண்டுகளை ஒரு டிவிடியில் பதிந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தது. மகன் வந்து சேர்ந்ததற்காக அருள்ராணி கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

ஆனால் திங்கட்கிழமை கழகத்தின் பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தார். முன்வரிசையில் இரண்டு பேர் வேறு கழகத்துக்குப் போய்விட்டார்களாம். இன்னும் ஒரேயொரு பருவம் வரமுடியுமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்ன றொபினுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. உடம்பு வேண்டாமென்று கெஞ்சியது. ஆனாலும் அந்தப் பச்சைச் சதுரத்துக்குள் எந்தப் பக்கம் போவது என்று அவன் ஒருநாளும் தடுமாறியதில்லை.

புதன்கிழமை தங்கை கரோலினா நகரின் தெற்கே பியோர்ண்டாலிலிருந்து வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்களின் வார்ட்டில், தாதியாக இருப்பவள். சாப்பிட்டு முடிந்ததும், “வாங்கோ அண்ணா, கொஞ்சம் நடப்பம்” என்று அவனைக் கீழே கூட்டிப்போனாள். ரீ-பான ரயில் நிலையத்தைக் கடந்து நடந்தார்கள். ஒரு ரயில் அவர்களைக் கடந்து போனது.

“அவருக்கு வேலை எப்பிடிப் போகுது?” என்று அவள் புருசனைப் பற்றி விசாரித்தான் றொபின்.

“சாப்பிடேக்கையும் இதைத்தான் கேட்டனீங்கள்.”

“கேட்டனானோ?”

“ஓம். நானும் மறுமொழி சொன்னனான்.”

அவன் கைகளை ஜக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“தலையிலை எத்தினை தரம் அடிபட்டது?”

“அதை ஆர் எண்ணினது, கரோ.”

“குடும்ப டொக்டரிட்டை ஒரு ஹென்விஸ்னிங் கடிதம் எடுப்பம். திங்கக்கிழமை நான் லீவு. நானே கூட்டிக்கொண்டு போறன். அவர் நரம்பு டொக்டரிட்டை அனுப்பட்டும்.”

“அங்கை போனா விளையாடாதை எண்டுதான் சொல்லுவினம்.”

“அதுக்காகத்தான் போக விருப்பமில்லையோ?”

“எனக்கு வேறை என்ன தெரியும், சொல்லு பாப்பம்” என்றான். “இந்த வயசிலை நோர்ஸ்க் பாசையும் பாதி மறந்துபோச்சு.”

“கடைக்குப் போட்டு வரத் தெரியவேணும் அண்ணா. அம்மா பல்கனியிலை நிண்டு பாத்தவ. நீங்கள் வாங்கிலை இருந்து சப்பாத்துக் கட்டினதை.”

அவள் குரலில் கண்டிப்பு இல்லை. வேலை முடிந்து வந்தவளின் களைப்பு மட்டும் இருந்தது. றொபினுக்கு அந்தக் களைப்பு நன்றாகத் தெரிந்த ஒன்று. கோபமாக இருந்திருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பான்.

வியாழக்கிழமை பின்னேரம் அருள்ராணி செபமாலைக் கூட்டத்துக்குப் போனாள். வீட்டில் தகப்பனும் மகனும் மட்டும். வின்சென்ற் முதலில் நாட்டின் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றவர். ஒஸ்லோவுக்கு வந்தபின் ட்றாம் வண்டிகள் கழுவும் கொட்டிலில் வேலை செய்து, முதுகு விட்டுப்போனதால் நேரத்தோடு ஓய்வு பெற்றவர். பகல் முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கப் பழகியிருந்தார். அன்று தானாகவே வாய் திறந்தார்.

“அவங்கள் தந்த டிவிடித் தட்டைப் போடு. பாப்பம்.”

“அதிலை ஒண்டும் இல்லை அப்பா. சேறுதான்.”

“பரவாயில்லை, போடு.”

படம் தொடங்கியது. மழையில் எல்லோரும் ஒரே மண்ணிறமாக இருந்தார்கள். வின்சென்ற் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இதிலை நீ ஆர்?” என்று கேட்டார். றொபின் எழும்பிப்போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினான். அதன் பிறகு அவர் கண் அந்த ஒருவனை விட்டு நகரவில்லை. மோதினான், விழுந்தான், எழும்பினான். பார்வையாளர்கள் எதையோ இழுத்துக் கத்தினார்கள்.

“என்ன சொல்லிக் கத்துறாங்கள்?”

“வின்னி எண்டு. அங்கை குடும்பப் பேராலைதான் கூப்பிடுவினம். என்ரை குடும்பப் பேர் வின்சென்ற் எல்லோ. அதைத்தான் சுருக்கி.”

“என்ரை பேரையோ?”

“ஓம்.”

“எவ்வளவு காலமா?”

“தொடக்கத்திலை இருந்தே.”

வின்சென்ற் றிமோட்டை எடுத்தார். ஒலியைக் கொஞ்சம் கூட்டினார்.

அடுத்த துண்டில் வேறொரு மைதானம். றொபின் பந்தோடு போகிறான். இருவர் முதுகில் தொங்குகிறார்கள், மூன்றாவது ஆள் காலைப் பிடிக்கிறான். மூவரையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் குப்புற விழுகிறான். கூட்டாளிகள் ஓடிவந்து அவன்மேல் விழுகிறார்கள். வின்சென்ற் சோபாவில் இருந்து பாதி எழும்பிவிட்டார். அவர் சிரித்ததை றொபின் கண்டு எத்தனையோ காலம்.

“உது எங்கை நடந்தது? மற்றப் பக்கம் ஆர்?”

றொபின் பார்த்தான். திரையில் இருந்தவன் அவன்தான். பெருவிரலில் வெள்ளைப் பட்டி, மேலுதட்டில் தையல். முன்வரிசைக்காரனுக்கு இப்படிக் கோட்டைத் தாண்டும் நாள் எப்போதாவதுதான் வாய்க்கும். தனக்கு வாய்த்த ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருப்பதாகவே அவன் நம்பியிருந்தான். மழையைப் பார்த்தான், பின்னாலிருந்த விளம்பரப் பலகைகளைப் பார்த்தான். உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் போதும், அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. வாய்வரை ஒரு பெயர் வந்தது.

“எனக்குத் தெரியாது அப்பா.”

“மறந்திட்டியோ?”

“மறந்தது மாதிரி இல்லை. நான் அங்கை நிண்டதே எனக்குள்ளை இல்லை.”

வின்சென்ற் படத்தை நிறுத்தினார். உன்னைப் படிக்கத்தானே அனுப்பினேன் என்ற அந்தப் பழைய வசனம் இப்போது வரும் என்று றொபின் காத்திருந்தான். அதை வாங்கிக்கொள்ளத் தோளைக்கூட ஆயத்தப்படுத்தினான்.

“தலை இடிக்கிறதோ?” என்று கேட்டார் அவர்.

“வெளிச்சம் பட்டா.”

அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பிப்போய் யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை காலை றொபின் கட்டடங்களுக்குப் பின்னாலுள்ள காட்டோரம் நடந்துபோய், ஒரு பாறையில் இருந்துகொண்டு பயிற்றுநரை அழைத்தான். வரமாட்டேன் என்றான். தோளா என்று பயிற்றுநர் கேட்டார். தலை என்றான் றொபின். “தலையென்று சொல்வது நீ ஒருவன் மட்டுமில்லை, வின்னி,” என்றார் அவர். பிறகு வேறு ஆட்களைத் தேட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். பதினான்கு வருடங்கள் இப்படி ஒரு பாறையில் இருந்தபடி முடியும் என்று றொபின் நினைத்திருக்கவில்லை. துக்கம் வரும் என்று பார்த்தான். நித்திரைதான் வந்தது, அந்த ஈரப் பாறையிலேயே சாய்ந்துவிடலாம் போலிருந்தது.

திரும்பும்போது கட்டடத்தை ஒருமுறை தவறவிட்டான். பக்கத்துக் கட்டடத்து வாசலில் திறப்பைப் போட்டுப் பார்த்து, திரும்பாததைக் கண்டு, விலகி வந்து, மெதுவாகத் தன்னுடையதைக் கண்டுபிடித்தான். திங்கட்கிழமை டொக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும், மறக்காவிட்டால்.

வீட்டுக்குள் சத்தமில்லை. அருள்ராணி குசினியில் இல்லை. முன்னறையில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வின்சென்ற் சோபாவின் நுனியில் இருந்தார். டிவிடி ஓடிக்கொண்டிருந்தது, ஒலியை முற்றாகக் குறைத்திருந்தார். மகன் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. றொபின் சப்பாத்தைக் கழற்றாமல் அங்கேயே நின்றான். திரையில் அந்தச் சேற்று மனிதன் பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்தான். எதிரே மூன்று பேர் குனிந்து நின்றார்கள். வின்சென்ற் இரண்டு கைகளாலும் சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் மோதுவதற்குச் சற்று முன்னால், வரும் அடிக்கு வழி விடுவதுபோல, தன்னுடைய தலையை மட்டும் மெல்ல ஒரு பக்கம் சரித்தார்.