தரகர் வாயை மூடியபோது

வீட்டுத் தரகருக்கு வாய்தான் மூலதனம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் கால்தான். மாடி மாடியாக ஏறி இறங்கி வீடு காட்டுகிறவருக்கு இடது காலின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, பாதம் சில்லிட்டுக் கிடந்தது. இன்று சரிசெய்யாவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான்.

அது போதாதென்று மயக்க மருந்து டாக்டரம்மாவுக்குத் தனித் தலைவலி. புகைத்துப் புகைத்து மனிதரின் நுரையீரல் கந்தலாகியிருந்தது. முழு மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பாரா என்பதே சந்தேகம். முதுகில் ஊசி போடலாமென்றால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்; முதுகுத்தண்டுக்குள் ரத்தம் கசிந்துவிடும். அதனால் ஸ்கேன் திரையில் நரம்புகளைத் தேடிப் பிடித்து, தொடை இடுக்கிலும் பின்தொடையிலும் மருந்தை இறக்கினார். கால் மட்டும் மரத்தது. ஆள் கொட்டக்கொட்ட விழித்திருந்தார்.

"பேசிக்கிட்டே இருங்கய்யா. நீங்க பேசினாத்தான் எனக்கு தைரியம்" என்று சொல்லித் தொலைத்தார் டாக்டரம்மா.

கேட்க வேண்டுமா! துணித்திரைக்கு அந்தப்பக்கம் காலைத் தைத்துக்கொண்டிருந்த சர்ஜனுக்கே வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டார் தரகர்.

"ரெண்டு பக்கமும் ஜன்னல் சார். காத்து பிச்சுக்கிட்டு போகும்."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு சார். வேலை செய்யாது. உங்ககிட்ட பொய் சொல்லலாமா?"

நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவர் வாய்க்கு ஒரு ஊசி இல்லையாம்மா?" என்று அலுத்துக்கொண்டார் சர்ஜன்.

தையல் முடிந்து, ரத்தத்தைத் தடுத்திருந்த கிளிப்பை அவர் எடுத்தார். நர்ஸ் பேனா மாதிரியான கருவியைப் பாதத்தில் வைத்து அழுத்தினாள். அதோடு இணைந்த சின்னப் பெட்டியிலிருந்து சத்தம் வந்தது. உஷ்... உஷ்... உஷ்...

"சமையலறைதான் கொஞ்சம்..." என்ற தரகர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

டாக்டரம்மாவுக்குப் பகீரென்றது. மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டதா? மூச்சு நிற்கிறதா? கை தானாக ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்தது. "ஐயா! ஐயா! என்ன பண்ணுது?"

தரகர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா சத்தம் அது? என் காலா?"

"உங்க பாதத்துல ரத்தம் ஓடுதுய்யா. கால் பொழச்சிடுச்சு."

மரத்துப்போன காலைத் தொட்டாலும் அவருக்குத் தெரியாது. காதால்தான் கேட்க முடியும். சர்ஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தரகர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார். கேட்டுக்கறேன்."

அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தார் டாக்டரம்மா. அதன் பிறகு அந்த அறையில் யாரும் பேசவில்லை.