இரண்டு சம்பந்திகளும் ஒரு வோல்டேஜும்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. மினாஸ் மாநிலத்து மின் கட்டுப்பாட்டு அறையில் ஜுரேமாவுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. அவள் யாரைத் திட்டினாலும் முதலில் என் காதில்தான் விழும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நவீன நாகரிகத்தின் முதுகெலும்பான மின்சாரம் என்பது—’

வேண்டாம். அப்புறம், ‘காதலைப் போலவே வோல்டேஜும்—’

சீ.

நேராகவே சொல்கிறேன். ஜுரேமாவின் மகள், பக்கத்து மாநிலமான கோயாஸைச் சேர்ந்த ஜெனிவாலின் மகனைக் கட்டிக்கொண்டாள். ஜெனிவாலுக்கும் எங்கள் வேலைதான், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். கல்யாண விருந்தில் அவனே பெக்கிப் பழச் சோறு பரிமாறினான். பெக்கியைப் பல்லால் சுரண்டித்தான் தின்ன வேண்டும். கடித்தால் கொட்டையின் முள்ளெல்லாம் நாக்கில் ஏறிவிடும். ஜுரேமா கடித்தாள். பாட்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு டார்ச் அடித்து முள் பிடுங்கினார்கள்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்பது அவள் கட்சி. “இது தெரியாம ஒரு மனுஷி இருப்பாங்களா?” என்பது அவன் கட்சி. அன்றோடு பேச்சு நின்றது.

(மினாஸிலும் பெக்கி உண்டே என்று எனக்கு எழுதாதீர்கள். அது வடக்கே. இவள் தெற்கு.)

2

இனி வோல்டேஜ். தாண்டிப் போய்விடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இரண்டு வட்டாரங்களையும் ஒரே மின்பாதை இணைக்கிறது. இங்கே ஏற்றினால் அங்கேயும் ஏறும், அங்கே இறக்கினால் இங்கேயும் இறங்கும். ஆகவே கலந்து பேசித்தான் செய்ய வேண்டும். அந்தக் கலந்து பேசும் வேலையையும் தானே பார்த்துக்கொள்ள ஒரு கணினி ஏற்பாடு வந்திருந்தது. ஏதாவது ஓர் இடத்தின் வோல்டேஜை அளவாக வைத்துக்கொண்டு, எல்லா மின்நிலையங்களையும் அது ஒன்றாகப் பிடித்து நிறுத்தும்.

எந்த இடம்? ஜுரேமா தன் துணைமின்நிலையத்தைச் சொன்னாள். ஜெனிவால் தன்னுடையதைச் சொன்னான். கணினி ஏற்பாடு அணைந்தே கிடந்தது.

3

கால்பந்து அரையிறுதி. ஆட்டம் ஓடும்போது நாடே அசையாது. இடைவேளை விசில் ஊதியதும் மொத்தப் பேரும் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள், வெந்நீர் ஷவரைத் திருகுவார்கள். வோல்டேஜ் சரியும்.

சரிந்தது. ஜுரேமா ஏற்றினாள். அதே நேரத்தில் ஜெனிவாலும் ஏற்றினான். எகிறியது. இருவரும் இறக்கினார்கள். முன்னைவிடக் கீழே போனது.

“வேணும்னே பண்றான், பாரு!”

“அவரும் நீங்க பாக்குற சரிவத்தான பாக்குறாரு,” என்றேன்.

“நீ எந்தக் கட்சி?”

இன்னொரு முறை இப்படிச் சரிந்தால் மின்நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுகொள்ளும். இரண்டாம் பாதி ஆட்டத்தில் இரண்டு மாநிலமும் இருட்டு.

[இங்கே, மகளுக்குப் பிரசவ வலி என்று ஒரு வரி வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது ஜுரேமா, “எம்மக டிவி முன்னாடி பாப்கார்ன் தின்னுக்கிட்டு இருந்தா. பொய் எழுதாத,” என்றாள். உயிரோடு இருக்கும் பாத்திரங்களால் இதுதான் தொல்லை.]

ஜுரேமா போனை எடுத்தாள்.

“சம்பந்தி, கைய எடுங்க.”

“எதுலேருந்து?” என்றான் ஜெனிவால்.

“எல்லாத்துலேருந்தும்! ஒண்ணத்தையும் தொடாதீங்க. உங்க அளவ வெச்சுக்குவோம். நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் ஏத்துறேன்.”



“என்... என்னோட அளவா?”

“காது கேக்கலையா? உங்களோடதுதான். சொல்லுங்க!”

“ஒரு படி ஏத்துங்க. இருங்க, அவசரப்படாதீங்க. இன்னும் ஒண்ணு. போதும், போதும் சம்பந்தி! அப்படியே விடுங்க.”

திரையில் கோடு தள்ளாடியது, பிறகு நிமிர்ந்து நின்றது. இரண்டாம் பாதி தொடங்கியது. ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை. நடந்தது யாருக்கும் தெரியாது.

4

முடிவு: ஜெனிவால் மன்னிப்புக் கேட்கிறான். எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் அவன் வாயில் ஒட்டவே இல்லை.

வேறு முடிவு: இருவரும் ஒரே நேரத்தில் சிரித்து—

இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வேலை முடிந்தும் இருவரும் போனை வைக்கவில்லை. நான் காபி எடுக்கும் சாக்கில் வெளியே நழுவினேன். கதவு சாத்தும்போது ஜுரேமாவின் குரல் கேட்டது: “சம்பந்தி, ஒண்ணு சொல்லணும்—”

மறுநாள் கணினி ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அளவாக வைத்த இடம், ஜுரேமாவின் துணைமின்நிலையம். அதைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது ஜெனிவாலாம்.

நடுவில் என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அந்த அறுந்த வரியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஜுரேமாவை அழவைக்க மட்டும் நினைக்காதீர்கள். நான் அழவைத்துப் பார்த்தேன். பேனாவை என் கையிலிருந்தே பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டாள்.