சுறா எண்ணெய் பூசிய சீமைக் கார்

தணிகைவேலின் தாத்தா செத்து முப்பது வருஷமாகியும் அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பேரன் எந்த மேடையில் ஏறினாலும் தாத்தாவும் கூடவே ஏறியாக வேண்டும். ஊராட்சித் தலைவர் என்ற முறையில் ஒரு தெருக்குழாயைத் திறந்து வைத்தபோதுகூட, "எங்க தாத்தாவும் கவர்னர் துரையும் ஒரே கார்ல மகாபலிபுரம் போன காலத்துல" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. கார் மட்டும் வந்தது.

அந்தக் கார் நிஜமாகவே இருந்தது. திருவிடந்தையில் தணிகைவேலுக்கு ஒரு தென்னந்தோப்பு. அதன் கொட்டகையில், கீற்றுக்கும் மட்டைக்கும் நடுவே, நாலு சக்கரமும் மணலில் புதைந்து, கோழிகள் முட்டையிட வசதியாக நின்றிருந்தது. எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம், மதராஸில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கப்போவதாகப் பேப்பரில் வந்தது. அன்றைக்கே கோழிகள் காலி செய்யப்பட்டன.

வேலைக்கு இருசப்பனைக் கூப்பிட்டார்கள். செங்கல்பட்டுக்கு வெளியே, தணிகைவேலின் ஊராட்சி எல்லைக்குள், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தான். தகடு தட்டுவான், துரு எடுப்பான். பெயிண்ட் அடிக்க மட்டும் முடியாது. ஸ்ப்ரேக்குக் கம்ப்ரஸர் வேண்டும்; கம்ப்ரஸருக்குக் கரண்ட் வேண்டும்; கரண்டுக்கு, ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று தலைவரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்காக இரண்டு வருஷமாக அலைகிறான். அவனிடம் தகடு தட்டிக்கொண்டு பெயிண்டுக்கு வேறு பட்டறை போன வண்டிகள், அடுத்த தடவை தகடு தட்டவும் அங்கேயே போய்விட்டன. இந்த வருஷமும் கரண்ட் வராவிட்டால் பட்டறையை மூடிவிட்டு மச்சானின் லாரியில் கிளீனராகப் போக வேண்டியதுதான்.

"வண்டிய பளபளன்னு பண்ணிக் குடு. அணிவகுப்பு முடிஞ்ச மறுநாள் கையெழுத்து" என்றார் தலைவர்.

இருசப்பன் காரைச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

"கதவு, பானெட், மட்கார்டு எல்லாத்தையும் கயட்டி லாரில அனுப்பிடுங்க தலைவரே. பட்டறைல வச்சி சொரண்டறேன். சொரண்ட சொரண்ட பிரஷ்லயே பிரைமர், அடிப்பூச்சு, அடிச்சிகினே போயிடலாம். இங்க வாணாம்."

"இங்க இன்னா கொறச்சல்?"

"அதோ கீதே, அதான்" என்று கடலைக் காட்டினான். "உப்புக் காத்து. பெயிண்ட உரிச்ச தகடு பச்சப்புள்ள மாதிரி. காலைல தொடச்சி வச்சா சாயங்காலம் துரு."

"கவர்னர் உக்காந்த வண்டிய கறிக்கடை மாதிரி கூறு போட்டு அனுப்பச் சொல்றியா?"

மகாபலிபுரம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி, தோப்பின் வாசலிலேயே வேலை நடக்க வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. இன்னொரு கட்டளையும் உண்டு. முழுவதும் சுரண்டி முடியும்வரை ஒரு பொட்டு பிரைமர் படக் கூடாது. அணிவகுப்புக்கு வண்டிகளைப் பொறுக்கும் நடுவர் மதராஸிலிருந்து நேரில் வருகிறார். சீமை இரும்பை அவர் அம்மணமாகப் பார்க்க வேண்டும்.

"லண்டன் இரும்புடா. கப்பல்ல கடல் மேலயே வந்தது. அப்ப புடிக்காத துரு இப்பவா புடிக்கும்?"

அப்போது மேலே பெயிண்ட் இருந்தது என்று சொல்ல இருசப்பன் வாயைத் திறந்தான். கையெழுத்து ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டான்.

அவனும், அவனைவிடப் பத்து வயது மூத்த கையாள் மாரியும் வேலையை ஆரம்பித்தார்கள். காஸ்டிக் சோடாவைக் கூழ் மாதிரிக் கரைத்துப் பூசினால், பழைய பெயிண்ட் கொதித்த பால் ஏடு போலச் சுருங்கி எழும்பும். தகட்டுக் கரண்டியால் வழித்து, கழுவி, மண்ணெண்ணெயால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

மேலே கறுப்பு. கறுப்பு போனதும் பச்சை வந்தது. "இதான் கவர்னர் வந்த கலர்" என்றார் தலைவர், பார்க்க வந்த ஊராரிடம். இரண்டு நாளில் பச்சை போய் அரக்கு வந்தது. "நான் சொல்லல? இதான்." அரக்குக்குக் கீழே மஞ்சள் வந்தபோது ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கவர்னர் மூன்று தடவை வந்ததாக அன்று மாலை வரலாறு திருத்தப்பட்டது.

மஞ்சளுக்குக் கீழே இரும்பு. சாயங்காலம் பளிச்சென்று இருந்த கதவு, காலையில் குங்குமம் பூசினாற்போல் சிவந்திருந்தது. மறுபடி தேய்த்தார்கள். மறுபடி சிவந்தது. இருசப்பன் பகலில் எடுத்ததை ராத்திரிக் காற்று ஒரு குறையும் வைக்காமல் திருப்பிக் கொடுத்தது. இரும்பு தெரிந்த ஐந்தாம் நாள் தகட்டைத் தட்டிப் பார்த்த மாரி, "இன்னும் நாலு தபா தேச்சா அந்தாண்ட நிக்கற ஆள் தெரிவான்" என்றான்.

குப்பத்திலிருந்து மீன் கூடையோடு தினமும் அந்த வழியாகப் போகிற வேண்டா, அன்று கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னா அண்ணாத்த, முந்தாநேத்தும் இதே கதவதான சொரண்டிகினு இருந்த?"

"ஆமா."

"நேத்து?"

"நேத்தும் இதான். நாளைக்கும் இதான்."

"கெவர்மெண்டு வேலையா?"

இருசப்பன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னான். நடுவர் வர இன்னும் இரண்டு நாள். வண்டி சிவந்து கிடந்தால் சேர்க்க மாட்டார். சேர்க்காவிட்டால் கையெழுத்து கிடையாது.

"அட, இதுக்கா பேஜாரு? எங்க வூட்டுக் கத்தி, தூண்டிமுள்ளு எல்லாம் உப்புத் தண்ணிலயேதான் பொழங்குது. துருவா புடிக்குது? சுறா எண்ண தடவி வப்போம். கொஞ்சம் நாத்தம் வரும்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"கட்டிகினு வந்த புதுசுல எம்புருசன் மேல வந்துச்சி. இப்ப தெரியல."

அன்றே ஒரு சட்டி எண்ணெய் வந்தது. கடைசித் தடவையாகத் தேய்த்துவிட்டு, பழைய துணியில் நனைத்து வண்டி முழுவதும் பூசினார்கள். மறுநாள் காலை தகட்டில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. குப்பத்துப் பூனைகள் ஒன்று விடாமல் வந்து, மட்கார்டை நக்குவதற்கு வரிசை பிடித்திருந்தன.

நடுவர் வரும் நாள் காலை எட்டு மணிக்கு, தணிகைவேல் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து இறங்கினார். பத்தடி தூரத்திலேயே அங்கவஸ்திரம் மூக்குக்கு ஏறியது.

"எவன்டா இது? தொடைடா முதல்ல."

"தொடைக்கலாம் தலைவரே. தொடச்சா ரெண்டு மணி நேரத்துல செவந்துரும். அவரு எத்தினி மணிக்கு வராரு?"

"பதினொன்னு."

தணிகைவேல் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தொழிலாளி சொன்னதைப் பற்றி யோசித்தார். பிறகு நாலு பொட்டலம் சாம்பிராணி வாங்கி வரச் சொல்லிப் புகை போட வைத்தார். மீன் மார்க்கெட்டுக்குள் கும்பாபிஷேகம் நடக்கிற மாதிரி ஆயிற்று.

நடுவர் ஏசுபாதம் ஓய்வு பெற்ற இன்ஜினியர். வாயில் பைப், அதைக் கையில் எடுத்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். காரை மூன்று சுற்றுச் சுற்றினார். பூனைகளும் கூடவே சுற்றின. குனிந்து பானெட்டில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். இருசப்பனுக்கு மச்சானின் லாரி கண் முன்னால் வந்து ஹார்ன் அடித்தது.

ஏசுபாதம் பைப்பை எடுத்தார்.

"அந்தக் காலத்து வாசனை. சீமையில் தகடு உருட்டும்போதே ஓர் எண்ணெய் ஏற்றுவார்கள். ஐம்பது வருஷமானாலும் போகாது. நானே அங்கே படித்தபோது முகர்ந்திருக்கிறேன். இப்போதைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?"

தணிகைவேலின் அங்கவஸ்திரம் மூக்கிலிருந்து தோளுக்கு இறங்கியது. "எங்க தாத்தா அடிக்கடி சொல்வாருங்க" என்றார்.

"வண்டி இப்படியே வர வேண்டும். பெயிண்ட் அடித்தால் சேர்க்க மாட்டேன். அந்த எண்ணெயின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. தாத்தா சொல்லியிருப்பாரே? படிவத்தில் எழுத வேண்டும்."

தலைவர் இருசப்பனைப் பார்த்தார். இருசப்பன் யோசித்தது வேறு. பெயிண்ட் கிடையாது என்று ஆகிவிட்டது. நாளைக்குத் தலைவர், பெயிண்டே அடிக்காதவனுக்குக் கரண்ட் எதற்கு என்று கேட்பார். சட்டைப் பையிலிருந்து, இரண்டு வருஷமாக மடித்து மடித்து நாலாகக் கிழியப் பார்த்த காகிதத்தை எடுத்தான்.

"பேரு எனக்குத் தெரியுமுங்க. தலைவர் இதுல ஒரு கையெழுத்து போட்டாருன்னா நெனப்புக்கு வந்துடும்."

"அப்புறம் பாக்கலாம்டா" என்றார் தணிகைவேல், நடுவரைப் பார்த்துச் சிரித்தபடியே.

வேலிக்கு அந்தப் பக்கம் கூடையோடு நின்றிருந்த வேண்டா, "பேரு இன்னா பெரிய பேரு. அது எங்க வூட்டுச் சட்டில..." என்று ஆரம்பித்தாள்.

தலைவர் பேனாவை எடுத்துவிட்டார். இரண்டு வருஷம் இழுத்த கையெழுத்துக்கு நாலு நொடிகூட ஆகவில்லை.

"சீலும் குத்திடுங்க. பையில கீதுங்களே."

சீலும் குத்தப்பட்டது.

"என்ன காகிதம்?" என்றார் ஏசுபாதம்.

"பராமரிப்புச் சான்றிதழுங்க" என்றார் தலைவர்.

இருசப்பன் மையை ஊதிக் காய வைத்து, மடித்துப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். பிறகுதான், "லார்டு நம்பர் ஒன் ஆயிலுங்க" என்றான்.

"அதேதான்" என்றார் ஏசுபாதம். "அதேதான். மறந்தே போயிருந்தேன் பார்."

அணிவகுப்பில் அந்தக் காருக்குத் தனியாக இடம் கொடுத்தார்கள். பின்னால் வந்த கார்க்காரர்கள் தாங்களாகவே தூரம் விட்டு வந்தார்கள். ஏசுபாதம் தன் சொந்தக் காருக்கு இரண்டு பாட்டில் லார்டு நம்பர் ஒன் கேட்டுக் கார்டு எழுதினார். வேண்டா நிரப்பிக் கொடுத்தாள்.

ஏழு மாதம் கழித்து இருசப்பனின் பட்டறைக்குக் கரண்ட் வந்தது. முதல் சுவிட்சைத் தானே போடுவதாகத் தகவல் அனுப்பிவிட்டு தணிகைவேல் வந்தார். மாலை போட்டார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க தாத்தாவும் கவர்னர் துரையும்" என்று ஆரம்பித்தார்.

கம்ப்ரஸர் போட்ட சத்தத்தில் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அணைத்துவிடலாமா என்று மாரி சைகையில் கேட்டான். ஓடட்டும் என்று இருசப்பன் சைகை காட்டினான்.