சமையல் திறன்: மூன்று

முட்டை தீய்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னதும் மாஸ்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

“முட்டை எப்படிடி தீயும்? தண்ணிக்குள்ள கிடக்குற முட்டை எப்படித் தீயும்? எந்த மடையன் எழுதினான் இதை?”

அவர் மனைவி பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, நாளைக்கு கார் ஓட்டப் பழக வருகிறவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

“தண்ணி வத்திப் போச்சுன்னு வச்சுக்கங்க. இன்னொண்ணு போடுங்க.”

“பதினேழு போட்டாச்சு.”

“ஐம்பது போடணும்.”

மாஸ்டர் என்பது சும்மா பேச்சுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இல்லை. ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்துக்கு அவர்தான் தலைமைச் சமையல்காரர். ஒரு வேளைக்கு முந்நூற்று நாற்பது தட்டு. உப்பில்லாததற்கு நீலச் சீட்டு, சர்க்கரைக்காரர்களுக்கு மஞ்சள், மெல்ல முடியாதவர்களுக்குக் கூழாக அரைத்தது தனி. முப்பது வருஷத்தில் ஒரு தட்டு வார்டு மாறிப் போனதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்த்து, திரையின் மூலையில் ஒரு சின்னச் சட்டிப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: ‘சமையல் திறன்: 3’.

அதைவிட வயிற்றெரிச்சல், மனைவியின் சமையல் திறன் அறுபத்தொன்று. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மாள் அடுப்பைப் பற்றவைத்தது டீ போடுவதற்கு மட்டும்தான். அந்த டீயையும் மாஸ்டர் முகம் சுளிக்காமல் குடித்தது கல்யாணமான முதல் மாதத்தோடு சரி. அந்த அம்மாள்தான் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் காளான் வடை தட்டுகிறார், பழ அடை சுடுகிறார், மூன்றடுக்கு கேக் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மகளின் வீட்டு மேஜையில் அதைக் கொண்டுபோய் வைக்கிறார். ‘அம்மா, உங்க கைப்பக்குவமே தனி’ என்று மகளின் தோழிகள் எழுதுவதை அந்த அம்மாள் சத்தம் போட்டுப் படிப்பார். மாஸ்டர் அடுத்த அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். கைப்பக்குவமாம், கைப்பக்குவம்!

மகளின் வீடு என்றால் செங்கல் சிமெண்ட் வீடு இல்லை. விளையாட்டுக்குள் அவளே கட்டிக்கொண்ட வீடு. அதில் ஆடுகிற யார் வேண்டுமானாலும் நிலம் பிடித்து, சுவர் எழுப்பி, அடுப்படி வைத்து, விருந்தாளிகளைக் கூப்பிடலாம். எதிரிகளோடு சண்டை போடுகிறவர்கள் போடட்டும்; இவள் வீட்டுக்கு வருகிறவர்கள் சமைக்கத்தான் வருகிறார்கள். அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டு அடுப்படியிலேயே ஏதாவது ஒன்றைச் சமைத்து மேஜையில் வைத்தால்தான் உட்கார நாற்காலி கிடைக்கும். வெறுங்கையோடு வந்தவன் அடுப்படியோடு சரி. சாப்பாட்டு அறைக் கதவு திறக்காது, உள்ளே பேசுகிறவர்களோடு பேசவும் முடியாது.

மாஸ்டருக்கு அந்த நாற்காலி வேண்டும். எட்டு மாதமாக மகள் அவரோடு பேசவில்லை.

ஹோட்டல் நிர்வாகப் படிப்பில் அவளை அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார். கடைசி வருஷத்தில் அதைப் பாதியில் விட்டுவிட்டு, இந்த விளையாட்டைத் தயாரிக்கிற கம்பெனியில் படம் வரையும் வேலைக்குச் சேரப்போவதாக அவள் வந்து நின்றாள். சட்டி, கரண்டி, அலமாரி, அடுப்பு என்று வீட்டுச் சாமான்களை வரைகிற வேலை. வரைந்ததைக் காட்ட மடிக்கணினியையும் திறந்து வைத்திருந்தாள். மாஸ்டர் அதைப் படக்கென்று மூடினார். “பொம்மைச் சட்டி வரையறதெல்லாம் ஒரு பொழப்பா? இனிமே என் அடுப்படிப் பக்கம் வராதே” என்றார். கோபத்தில் ஆயிரம் சொல்வதுதான். அவள் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று மனைவி அன்றே கேட்டார்.

இப்போது கம்பெனி அவளை வேறு நாட்டுக் கிளைக்கு இரண்டு வருஷத்துக்கு அனுப்புகிறது. செவ்வாய்க்கிழமை விமானம். அங்கே போனால் இங்கத்து மாலை அங்கே நடுராத்திரி; ஞாயிற்றுக்கிழமை விருந்து என்பதே இருக்காது. வருகிற ஞாயிறுதான் கடைசி.

“அப்பா வரட்டுமான்னு கேட்டேன்” என்றார் மனைவி. “வரட்டும்னா. ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானாம்.”

“நான் போன் பண்ணா எடுக்க மாட்டாளா?”

“பண்ணிப் பாருங்களேன்.”

மாஸ்டர் போனைக் கையில் எடுத்தார், வைத்தார். எடுக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. முட்டையே தேவலை என்று மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததும் மகளின் அடுப்படியில் அவருக்கு இதே ஜோலி. முட்டையில் தேறி, ரொட்டியில் தேறி, சூப்புக்கு வந்து சேர்வதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. சூப்பில்தான் அவருக்கு உண்மையான எரிச்சல் தொடங்கியது. தீயைக் குறைக்க அந்த அடுப்பில் திருகு இல்லை. வெங்காயம், கேரட், காளான், எலும்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சட்டியில் கொட்ட வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடும். ஓடி முடிந்தால் சூப், இல்லையென்றால் கரி.

“வெங்காயத்தை வதக்காம யாராவது தண்ணி ஊத்துவாங்களா? எலும்பு வேக ரெண்டு மணி நேரம், காளானுக்கு அஞ்சு நிமிஷம். ரெண்டையும் ஒண்ணாப் போடச் சொல்றான்!”

“என்கிட்ட வண்டி பழக வர்றவங்களும் இப்படித்தான். வண்டி மேல கோபப்படுவாங்க. வண்டிக்கு என்ன தெரியும்? நீங்க பட்டனை அமுக்கிட்டுப் பேசாம இருங்க. அது தானாக் கிண்டும்.”

“தானாக் கிண்டுறதுக்குப் பேரு சமையலா?”

“அதுக்குப் பேரு அறுபத்தொண்ணு” என்றார் மனைவி. மாஸ்டர் தனக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் காய் நறுக்குகிற அக்காவிடம் காரணமே இல்லாமல் கத்தினார். கேரட்டை அந்த அக்கா வழக்கம்போல்தான் நறுக்கியிருந்தார். “என்ன மாஸ்டர், வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?” என்று அந்த அம்மாள் கேட்டதும் அவருக்கு வெட்கமாகப் போயிற்று. சூப் தீய்ந்துகொண்டே இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? “தலைவலி” என்று சொல்லிவிட்டு நீலச் சீட்டுகளை எண்ணப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே மகளின் அடுப்படியில் நுழைந்துவிட்டார். மனைவி தன் மடிக்கணினியோடு கூடத்தில் இருந்தார். இவர் படுக்கையறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. விருந்தாளிகளுக்காக மகள் அலமாரியில் சாமான் நிரப்பி வைத்திருந்தாள். பன்னிரண்டு சூப்புக்குக் காணும். அதில் ஒன்று போதும்.

முதல் சூப் கரி. இரண்டாவது கரி. மூன்றாவது முக்கால் தூரம் ஓடிப் போய்க் கரி. யார் யாரோ அவரைத் தாண்டிப் போய், அடை சுட்டு, கஞ்சி காய்ச்சி, மேஜையில் வைத்து உட்கார்ந்தார்கள். தலையில் தவளைத் தொப்பி வைத்த ஒரு பெண் அவர் பக்கத்தில் நின்று, ‘மாமா, கவலைப்படாதீங்க, எனக்கும் முதல்ல இப்படித்தான்’ என்று எழுதிவிட்டு இரண்டே தட்டலில் ஒரு கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். மாமாவாம். முந்நூற்று நாற்பது தட்டு அனுப்புகிறவனுக்குத் தவளைத் தொப்பி ஆறுதல் சொல்கிறது. மாஸ்டருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

ஐந்து பத்துக்குப் பதினொன்றாவது சூப்பும் கரியானது.

“என்னங்க, எல்லாரும் உட்கார்ந்தாச்சு” என்று கூடத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தார். “ஒரு நாற்காலிதான் காலி.”

“கத்தாதே. கடைசி வெங்காயம்.”

எல்லாவற்றையும் சட்டியில் கொட்டினார். பட்டனை அமுக்கினார். கோடு ஓடத் தொடங்கியது. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, முன்பு கருகின இடத்தையும் தாண்டியது. டிங் என்று ஒரு மணி அடித்தது. வெள்ளைக் கிண்ணத்தில் செம்மஞ்சள் நிறத்தில், மேலே ஆவி நெளிய, சூப்.

“வந்துடுச்சு! வந்துடுச்சுடி!”

“மேஜையில வைங்க, சீக்கிரம்!”

கிண்ணத்தின் மேல் இரண்டு சின்னப் படங்கள் தெரிந்தன. ஒன்றில் மேஜை, இன்னொன்றில் கரண்டி. மாஸ்டர் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். முப்பது வருஷத்தில் அவர் வாயில் ஒரு சொட்டு படாமல் ஒரு பாத்திரம்கூட வார்டுக்குப் போனதில்லை. கை தன்பாட்டுக்குக் கரண்டியை அமுக்கியது.

களக் களக் என்று சத்தம். கிண்ணம் மறைந்தது. ‘சூப் முழுவதையும் சாப்பிட்டீர்கள். சுவையாக இருந்தது’ என்று திரை சொன்னது.

மாஸ்டர் அலமாரியைத் திறந்தார். காலி. மூடிவிட்டு மறுபடி திறந்தார். திறந்தால் வந்துவிடுமா? ஒரு காளான் துண்டுகூட இல்லை.

“என்ன ஆச்சு? வைக்கலையா?” என்று மனைவி வாசலில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். “ஐயோ, ஏன் சாப்பிட்டீங்க?”

“ருசி பார்த்தேன்.”

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது. அப்போது அவர் பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. எட்டு மாதமாகக் கேட்காத குரல். மகள் மேஜையை விட்டு எழுந்து அடுப்படிக்கு வந்திருந்தாள்; இவர் சொன்னது மைக்கில் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நீலச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் அவருடைய உருவத்துக்கு எதிரில் நின்றது.

“அப்பா. அதைப் போய் யாராவது ருசி பார்ப்பாங்களா? அது விளையாட்டுப்பா.”

“ருசி பார்க்காம எப்படிம்மா அடுத்தவங்களுக்குக் குடுக்கறது?” என்றார் மாஸ்டர். அவருக்கே அவர்மேல் ஆத்திரமாக வந்தது. “ஒரு வாரமா, ஒரு வாரமா இந்தச் சனியனோட...”

“அம்மா சொன்னாங்க. முட்டையில ஆரம்பிச்சீங்களாமே.”

“ஆமா.”

அவள் நிதானமாகப் பேசினாள். நிதானமாகப் பேசியதுதான் அவரைக் குத்தியது.

“பொம்மை சூப்பைக்கூட ருசி பார்க்காமக் குடுக்க மனசு வரலை உங்களுக்கு. என் வேலையை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்காம வேணாம்னுட்டீங்க. நான் காட்டத்தானேப்பா கொண்டுவந்தேன்? திறந்து வச்சதை மூடிட்டீங்க.”

மாஸ்டருக்கு வாய் வரை ஏதேதோ வந்தது. உன் நல்லதுக்குத்தான், அந்தக் காலத்தில் நான் பட்ட பாடு, எல்லாம் வந்தது. எதுவும் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

“தப்புதான்” என்றார். “இப்பக் காட்டு. இதுல எது நீ வரைஞ்சது?”

“நீங்க நிக்கிற அடுப்படி முழுக்க. ஒரு வாரமா அதுக்குள்ளதான் இருக்கீங்க.”

ஒரு வாரமாக அவர் பார்த்தது அந்தக் கோட்டை மட்டும்தான். இப்போதுதான் மெதுவாகத் திரும்பிச் சுற்றிலும் பார்த்தார். கழுவுகிற தொட்டிக்கு மேலே ஜன்னல், சரி. மாவு டப்பாக்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில், சரி. கத்திகள் ஈரம் படாத பக்கமாக. யாரோ விஷயம் தெரிந்தவர்கள் வைத்ததுபோல இருந்தது. நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தவர், அடுப்பைப் பார்த்ததும் பழைய மாஸ்டராகிவிட்டார்.

“கரண்டியெல்லாம் எதுக்கு இந்தப் பக்கம் மாட்டியிருக்கே? வலது பக்கம்ல தொங்கணும்? ஒவ்வொரு தடவையும் அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்க முடியுமா? ஆவி அடிச்சுக் கை வெந்துடாது?”

“எனக்கு இடது கைப் பழக்கம்பா.”

வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு வலப்பக்கச் சுவரில், அவர் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டிய கம்பியில் கரண்டிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு வயதிலிருந்து அவருக்குக் கூடமாட உதவிய பெண், கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலாகக் கையை நீட்டித்தான் அவற்றை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் திட்டினார். இரண்டு முறை மருந்து போட்டுவிட்டுத் திட்டினார்.

“தெரியும்மா” என்றார் மாஸ்டர்.

தெரியத்தான் தெரியும். அவள் முதன்முதலில் பென்சில் பிடித்த நாளிலிருந்து தெரியும். இரண்டு ஆணியைப் பிடுங்கி இடது பக்கம் அடிக்க மட்டும் அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.