துரை கல்லறைக்கு வெள்ளையடிக்கும் நாள்

மற்றவர்கள் தாய்லாந்து போனால் கடலோரம் நின்று படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஜாக்குலின் போனால், போர்க் கைதிகளை வைத்து ரயில் பாதை போட்ட இடம் எது என்று விசாரித்துப் போய், ஒரு துருப்பிடித்த ஆணியைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு வருவாள். கம்போடியாவில் சிறையாக மாற்றிய பள்ளிக்கூடம், பெர்லினில் ரகசியப் போலீஸ் உட்கார்ந்திருந்த அலுவலகம் என்று, சிறுசேரி கம்பெனியில் அவள் சேர்த்து வைக்கும் லீவெல்லாம் இப்படித்தான் கரையும். காசு கொடுத்து இழவு வீட்டுக்குப் போகிறாளே என்று அவள் அப்பா ஜெரோம் அலுத்துக்கொள்வார். ஆனால் அவள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்பவரும் அவர்தான்.

ஜெரோம் கல்பாக்கத்தில் ஒரு கேன்டீனில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு சதுரங்கப்பட்டினத்தில். ஊரிலேயே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. பெர்லின் வரை போன மகள், பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதற்குப் பிறகு அதற்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். காலையில் அப்பாவும் மகளும் பங்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், ஜாக்குலினின் அம்மா கல்லறையைக் கழுவி, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அது முடிந்ததும் ஜெரோம் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டார். இனி துரை முறை.

கோட்டைக்குத் தெற்கே சவுக்குத் தோப்பில், இடிந்த செங்கல் சுவர் ஓரமாக ஒரே ஒரு கல்லறை. பஞ்சத்தில் நம் ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய துரை என்று ஜெரோமின் அப்பா சொன்னார்; அவருக்கு அவருடைய அப்பா சொன்னார். வருடம் தவறாமல் வெள்ளையடிப்பதும் அவர்கள் குடும்பம்தான். தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற இந்துக் குடும்பங்களும் மாலை கொண்டுவந்து போடும். மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்த பிறகு, ஜெரோம் இந்தக் கல்லின் மேல் தலையை வைத்து அழுதிருக்கிறார். அடுத்த வருடம் ஜாக்குலின் பிறந்தாள். அதனால் துரை என்றால் அவருக்கு உயிர்.

அந்த வாரம் பெய்த மழையில் சுண்ணாம்பில் ஒரு பொருக்கு பெயர்ந்திருந்தது. அடியில் ஓர் எழுத்து தெரிந்தது. ஜாக்குலின் குனிந்தாள். இத்தனை வருடமாக வெறும் வெள்ளைக் கல் என்று நினைத்திருந்ததில் எழுத்து இருக்கிறது. அப்பனும் பாட்டனும் பக்தியோடு அடித்த சுண்ணாம்பு அதை மூடி வைத்திருக்கிறது. கொஞ்சம் இருங்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்தாள்.

துரைக்கு வலிக்கப் போகிறது என்பதுபோல ஜெரோம் முதலில் முகத்தைச் சுளித்தார். ஆனால் அவருக்கும் ஆவல் தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கொட்டாங்கச்சியால் அவரே சுரண்டத் தொடங்கினார். சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக உரிந்து வந்தது. முதலில் கல்லில் செதுக்கிய ஒரு பீரங்கி தெரிந்தது, பிறகு ஒரு வாள். ஒரு மணி நேரத்தில் கல் கறுப்பாகிவிட்டது. பள்ளத்தில் தங்கிய சுண்ணாம்பால் எழுத்து மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. பிரமாதமாக இருக்கிறது என்று அப்பா கைதட்டிச் சிரித்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாயிற்று என்று ஜாக்குலினுக்குத் தோன்றியது.

போனைக் கல்லுக்கு நேராகக் காட்டினாள். அது டச்சு மொழியைத் தமிழாக்கிக் கொடுத்தது. பெயர் கொர்னேலிஸ் ஹூக்ஸ்த்ரா. பீரங்கிப் படைத் தலைவன். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினாள். ஏதோ ஓர் ஆவணக் காப்பகம் படம்பிடித்துப் போட்டிருந்த ஒரு பழைய கப்பல் பட்டியல் வந்தது. அடியில் அதே ஆளின் கையெழுத்து.

அதையும் போனில் தமிழாக்கிப் படித்தாள். வெளிநாட்டில் எத்தனை பட்டியல் பார்த்திருக்கிறாள்! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பெருமூச்சு விட்டு, அடுத்த அறைக்குப் போயிருக்கிறாள். இங்கே அடுத்த அறை இல்லை. அப்பா பக்கத்தில் சுண்ணாம்புக் கையோடு நின்றுகொண்டு, என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அவருடைய துரை அவருக்கு மிஞ்சுவார். ஆனால் மறைப்பவர்களைத் திட்டிக்கொண்டேதானே ஊர் ஊராகப் போய் வந்தாள்?

சொன்னாள். பஞ்ச வருடத்தில் இந்தக் கரையிலிருந்து இரண்டு கப்பல். அடிமைகளாக ஏற்றியது முந்நூற்று நாற்பத்திரண்டு பேர். ஏற்றி அனுப்பியவன் இவன்.

ஜெரோம் கல்லைக் காட்டிக் கேட்டார்.

"கஞ்சி ஊத்துனானா, இல்லியா?"

"ஊத்துனான் நைனா. அரிசிக் கணக்கு கூட இதுல கீது. கப்பல்ல ஏத்தற வரிக்கும் ஊத்திக்கினு இருந்தான்."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "உன்ன நான் இவன்கிட்டயா கேட்டேன்?" என்றார். ஜாக்குலின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் அழுதது கல்லுக்குக் கேட்டிருக்காது, கேட்டது வேறு யாரோ என்று சொல்லிப் பார்த்தாள். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பிறகு, ஏற்றினவர்களின் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, ஆண், பெண், பிள்ளை என்று எண்ணிக்கை மட்டும்தான். அவர்களுக்குக் கல்லறை? அதுவும் எங்கேயும் இல்லை.

"நீ போற ஊருங்கள்ல, இந்த மாதிரி ஆளு கல்ல இன்னா பண்றாங்க?"

எந்த மியூசியத்திலும் அவளை யாரும் கேட்காத கேள்வி. சில இடத்தில் உடைத்துப் போடுவார்கள், சில இடத்தில் அப்படியே விட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதி வைப்பார்கள் என்றாள்.

ஜெரோம் எழுந்தார். வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் முக்கினார். கல்லைத் தொடவில்லை, பின்னால் இருந்த செங்கல் சுவருக்குப் போனார். கேன்டீன் பலகையில் தினமும் சாப்பாட்டு வகை எழுதிய கை. முழ உயரத்துக்கு, நிறுத்தி எழுதினார்:

கஞ்சி ஊத்துனான். 342 பேரைக் கப்பல்ல ஏத்துனான்.

அப்போதுதான் தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லம்மாள் வந்தார். வருடா வருடம் துரைக்கு மாலை போடுகிறவர். கறுத்துப் போன கல்லைப் பார்த்ததும் திடுக்கிட்டு, யார் செய்த வேலை என்று கேட்டார். ஜெரோம் வழியை விட்டு விலகி நின்றார்.

"மால அப்பறம் போடலாம், எல்லம்மா. மொதல்ல இத்தப் படி."

எல்லம்மாள் எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார். புரியாமல் ஜெரோமைப் பார்த்தார். அவர் நடந்ததை நாலு வார்த்தையில் சொல்ல, மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பி இன்னொரு முறை படித்தார். பிறகு கையில் இருந்த மாலையைப் பார்த்தார்.

"அத்தினி பேருக்கு ஒத்த மாலதானே வாங்கியாந்தேன்," என்றார்.