பதினொரு மீட்டர்

இன்னும் எட்டுச் சுற்றுகள் இருந்தன. கடைசி வளைவில் தம்பியின் கார் வெளிப்பக்கமாக விலகி, இரண்டு சக்கரங்கள் மண்ணில் இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறுபடி தளத்துக்கு ஏறியது. அதற்குள் பின்னால் வந்த நீலக் கார் அவனைத் தாண்டிவிட்டது. மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தவன் நான்காவதாகிவிட்டான். இரண்டு நொடி கழித்து என் காதுக்குள் அவன் குரல் கேட்டது.

“பிரேக் பிடிக்கலக்கா.”

நான் அவனுடைய ரேஸ் இன்ஜினியர். பந்தயம் நடக்கும்போது அவனோடு ரேடியோவில் பேசும் ஆள் நான் ஒருத்திதான். ஆனால் நாங்கள் பேசுவது எங்கள் அணியில் காதுக்கருவி மாட்டியிருக்கும் பதினாலு பேருக்கும் கேட்கும். டிவிக்காரர்கள் நினைத்தால் ஊருக்கே கேட்கும். என் வலது பக்கம், ஒரு கை தூரத்தில், எங்கள் பிரேக் மெக்கானிக் நின்றிருந்தான். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு சின்னக் குழந்தைகளுக்கு அப்பா. தம்பி சொன்னதைக் கேட்டதும் அவன் என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்தான். ராத்திரி போட்ட ஒவ்வொரு திருகையும் மனசுக்குள் ஒருமுறை முடுக்கிப் பார்க்கிறவன் போல.

பட்டத்துக்கு எங்களோடு மோதும் சிவப்புக் கார் யாருக்கும் எட்டாத தூரத்தில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தது. அது ஜெயித்தாலும் தம்பி மூன்றாவதாக வந்தால் சீசன் பட்டம் அவனுக்கு. நான்காவதாக வந்தால் ஒரே ஒரு புள்ளியில் கைவிட்டுப் போய்விடும். கணக்கு அவ்வளவுதான். அதை ஒரு வாரமாக வீட்டில், விமானத்தில், சாப்பாட்டு மேசையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தோம்.

எனக்கு முன்னால் மூன்று திரைகள். நடுத்திரையில் பிரேக்கின் கோடு ஓடும். அவன் பெடலை மிதித்தால் கோடு எழும்பும், விட்டால் படுக்கும். இப்போதைய சுற்றின் கோட்டை முந்தைய சுற்றின் கோட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தேன். ஒரே உயரம், ஒரே சரிவு. பிரேக் குழந்தை மாதிரி சொன்னபடி கேட்டிருக்கிறது. மிதிக்க வேண்டிய இடத்துக்கு ஒன்பது மீட்டர் தள்ளி மிதித்திருக்கிறான். நீலக் காரைக் கண்ணாடியில் பார்த்திருப்பான். இடம் கொடுத்துவிடக் கூடாது என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆக்ஸிலரேட்டரிலேயே காலை வைத்திருப்பான்.

இதே கோட்டை இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறேன். இதே தளம், இதே வளைவு. அன்றைக்குத் தம்பி இருபத்திரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தான். இரண்டாவது இடமே போதும். ஆனால் சிவப்புக் காரின் உள்பக்கத்தில் ஒரு சந்து தெரிந்திருக்கிறது. நுழைந்தான். கார் நிற்காமல் நேராகப் போய் டயர் சுவரில் மோதியது. விலா எலும்பில் இரண்டு முறிந்தன. அடுத்த பந்தயமும் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எங்கள் அணி முதலாளியிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, “பிரேக் பிடிக்கல சார்.”

அன்றைக்கு எங்கள் பிரேக் மெக்கானிக் வேறு ஆள். அணியில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். கையுறை மாட்டாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். “பேஷண்ட் எப்படி இருக்கு டாக்டர்?” என்று பையன்கள் கேலி செய்தால், “நல்லா இருக்கு, டிரைவரத்தான் ஸ்கேன் பண்ணணும்” என்பார். பதினொரு வருஷம் எங்களோடு இருந்தார். அன்று சாயங்காலமே முதலாளி அவரை அனுப்பிவிட்டார். டாக்டர் வாதாடவில்லை. “நான் மூணு தடவ பார்த்தேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு, மூன்று தடவைதான் பார்த்தோமா என்று அவருக்கே சந்தேகம் வந்ததுபோல முகம் மாறியது. அந்த முகம்தான் எனக்கு மறக்கவில்லை.

அன்றைக்கு மோதலுக்கு முன்பே என் திரைக்குக் கோடு வருவது நின்றுபோயிருந்தது; மறுநாள் காலைதான் காரிலிருந்து எடுத்த டேட்டா என் கைக்கு வந்தது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பதினொரு மீட்டர் தாமதம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எலும்பு கூடட்டும், அப்புறம் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். எழுந்து நடக்கட்டும் என்றேன். ஒரு பந்தயம் ஓட்டட்டும் என்றேன். உண்மையான காரணம் வேறு. தப்பு டிரைவருடையது என்று தெரிந்தால் முதலாளி அந்த இருக்கையில் வேறு ஒருவனை உட்காரவைத்துவிடுவார். வரிசையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அறிக்கையில் “காரணம் உறுதியாகவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தம்பி தெரிந்தே பொய் சொன்னானா, பிரேக் பிடிக்கவில்லை என்று நிஜமாகவே நம்பினானா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வேகத்தில், அந்தப் பயத்தில், கால் மிதித்துவிட்டதாக மனசு நினைத்துக்கொள்ளும். விபத்தின் வீடியோவை மட்டும் அவன் நூறு தடவை போட்டுப் பார்த்தான். “இனிமே அந்த மாதிரி பண்ண மாட்டேன்க்கா. கத்துக்கிட்டேன்” என்றான். எதைக் கற்றுக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை.

“அக்கா, கேக்குதா? பிரேக் பிடிக்கல.”

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று புது மெக்கானிக்கைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பேசும் பொத்தானை அழுத்தினேன்.

“பிரேக் நல்லா இருக்கு. நீதான் லேட். ஒன்பது மீட்டர்.”

எஞ்சின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று ஓட ஒன்றே முக்கால் நிமிஷம் ஆகும். கடைசி வளைவு வந்தது. கோடு எழும்பியது, பதினைந்து மீட்டர் முன்னாலேயே. பள்ளிக்கூட வாசலைத் தாண்டுகிறவன் மாதிரி மிதித்திருந்தான். நீலக் கார் இன்னும் தள்ளிப் போனது.

“நல்லா ஓட்டிட்டிருந்தவன ஒடச்சிட்டீங்களே” என்றார் முதலாளி. “முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?”

முடிந்தபிறகு சொல்லலாம் என்று இரண்டு மாதம் இருந்தவள் நான். அடுத்த சுற்றும் அப்படியே போனது. ஆறு சுற்றுகள் மிச்சம். நானே அவனைக் கவிழ்த்துவிட்டேன். அப்போது ரேடியோ கரகரத்தது.

“அன்னைக்கு எவ்வளவு?”

எதைக் கேட்கிறான் என்று முதலாளிக்கும் புரிந்துவிட்டது. அவர் கை என் நாற்காலியின் முதுகை இறுக்கியது.

“பதினொண்ணு.”

“எப்போலேருந்து தெரியும்?”

“மறுநாள் காலைலேருந்து.”

நேர்ப்பாதை முடியும்வரை எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு, “சரி. நீலக் கார் எவ்வளவு தூரம்?” என்றான்.

“நாலு நொடி.”

அதற்குப்பிறகு அவன் ஓட்டியதைப்போல நான் பார்த்ததில்லை. ஆவேசம் ஒன்றும் இல்லை. சுற்றுக்குச் சுற்று கோடு ஒரே இடத்தில், வளைவுக்கு முன்னால் நட்டிருக்கும் நூறு மீட்டர் பலகைக்கு நேராக எழும்பியது. நாலு நொடி மூன்றானது, ஒன்றரையானது. புது மெக்கானிக் தன்னை அறியாமல் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றில் நீலக் காரின் வாலில் ஒட்டிக்கொண்டே வந்தான். கடைசி வளைவுக்கு முன்னால் உள்பக்கம் விலகினான். அதே சந்து. இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இன்னும் கொஞ்சம் காலை வைத்திருந்தால் முந்திவிடலாம். அப்படித்தான் அந்த இடம் எல்லோரையும் கூப்பிடும். நான் டிவியைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தேன்.

நூறு மீட்டரில் எழும்பியது.

வளைவிலிருந்து இரண்டு கார்களும் ஒன்றாகவே வெளியே வந்தன. எல்லைக்கோடு வரை முந்நூறு மீட்டர், மூக்கும் மூக்குமாக. கடந்தபோது யார் முந்தியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பலகையில் எண் மாறுவதற்காகக் காத்திருந்தோம். நீலக் கார் மூன்றாவது. தம்பி நான்காவது; பட்டம் சிவப்புக் காருக்கு. வித்தியாசம் ஒரு முழம்கூட இருக்காது.

அந்த ஒன்பது மீட்டரை அவன் இன்னொருமுறை எடுத்திருந்தால் பட்டம் வந்திருக்குமா, டயர் சுவர் வந்திருக்குமா என்று பிறகு என்னிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். இரண்டு கோடுகளையும் வைத்துக்கொண்டு நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

தம்பி காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் கழுவித் துடைத்ததுபோல வெறுமையாக இருந்தது. முதலாளி அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன்.

“மைக்கோட வெளிய நிக்கிறாங்க. பிரேக்னு நீ சொன்னத எல்லாரும் கேட்டிருக்காங்க. அதையே சொல்லிடு. அக்கா சொன்னது உன்ன உசுப்பிவிடறதுக்காகன்னு வெச்சுக்கலாம். அடுத்த சீசன் இருக்கு பாரு.”

தம்பி என்னைப் பார்த்தான். கோபமா, கெஞ்சலா என்று பிரிக்க முடியாத பார்வை. “நீ என்ன சொல்ற?” என்றான்.

“நான் நாளைக்கு அந்தப் பழைய அறிக்கைய மாத்தி எழுதப் போறேன். நீ சொல்றத நீ முடிவு பண்ணு.”

அவன் வெளியே போனான். நிருபர்கள் கேட்டதும், “இன்னைக்கு பிரேக்ல ஒண்ணும் இல்ல” என்றான். மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். “ரெண்டு மாசம் முன்னாடியும் ஒண்ணும் இல்ல. நான் லேட்டா மிதிச்சேன். அதுக்கு இன்னொருத்தர் வேலைய விட்டுப் போனாரு.” அடுத்த கேள்விக்கு நிற்காமல் வந்துவிட்டான். முதலாளி எங்கள் இரண்டு பேரிடமும் அன்றைக்குப் பேசவில்லை. அடுத்த சீசனைப்பற்றி இன்றுவரை பேசவில்லை.

மூன்று நாள் கழித்து, மத்தியான வெயிலில், டாக்டர் வேலை செய்யும் இடத்துக்குப் போனோம். பள்ளிக்கூட வேன்களைப் பழுது பார்க்கும் தகரக் கொட்டகை. வண்டியை நிறுத்தியபிறகுதான் தம்பி, “மறுநாளே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல” என்றான். “சொல்லியிருக்கணும்” என்றேன்.

டாக்டர் ஒரு மஞ்சள் வேனின் பின்சக்கரத்தைக் கழற்றிவைத்து அடியில் படுத்திருந்தார். எங்கள் செருப்புகளைப் பார்த்துத் தலையை நீட்டினார். கையுறை மாட்டியிருந்தார். முன்பெல்லாம் தம்பியை “வாடா” என்றுதான் சொல்வார்.

“வாங்க” என்றார்.

“நான் அன்னைக்கு...” என்று ஆரம்பித்தான் தம்பி.

“டிவில பார்த்தேன்.” டாக்டர் ஒரு துணியை எடுத்து ஸ்பேனரைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “என் வீட்டுக்காரி கேட்டா, நீ நிஜமாவே மூணு தடவ பார்த்தியான்னு. தெரியலன்னு சொல்லிட்டேன். ரெண்டு மாசமா தெரியலன்னுதான் சொல்லிட்டிருந்தேன்.”

அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்தேன்.

“திரும்ப வந்துடுங்க டாக்டர். நான் முதலாளிகிட்ட பேசறேன்” என்றான் தம்பி.

டாக்டர் வேனுக்கு அடியில் மறுபடி சரிந்தார். சின்ன ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியைப் பாட்டிலுக்குள் விடுவது தெரிந்தது. “பிரேக் லைன்ல காத்து புகுந்திருக்கு. எடுக்கணும். மிதிக்கிற ஆளு சாப்பிடப் போயிட்டான்” என்றது அவர் குரல். “நேரம் இருந்தா ஏறி உக்காருங்க.”

தம்பி டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அவன் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

“மிதிங்க. விட்டு மிதிங்க. இன்னொரு தடவ. இப்ப அப்படியே பிடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்கக் கூடாது.”

பாட்டிலுக்குள் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தம்பி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த தகரச் சுவரைப் பார்த்தபடி, பெடலை அழுத்தியிருந்தான். கால் லேசாக நடுங்க ஆரம்பித்தது. வேனுக்கு அடியிலிருந்து இன்னும் குரல் வரவில்லை.